வயலைக் காயப் போடச் சொல்றாங்க, அடுத்த முறைத் தண்ணிக்கு யாரு பொறுப்பு?

பாரிஸ் ஒப்பந்தம் போட்டு 10 வருசம் முடிஞ்சு போச்சு. 2015 டிசம்பர்ல உலகத்து நாடுகள் எல்லாம் ஒண்ணா உக்காந்து, பூமியோட சூடு 2 டிகிரிக்கு நல்லாக் கீழ இருக்கணும், முடிஞ்சா 1.5 டிகிரியோட நிப்பாட்டப் பாக்கணும்னு ஒத்துக்கிட்டாங்க. 2025 நவம்பர்ல பிரேசில் நாட்டு பெலெம் ஊர்ல மறுபடியும் கூடிப் பேசிக் கலைஞ்சிருக்காங்க.

மேலூர்ப் பக்கம் ரெண்டே கால் ஏக்கர் நெல்லுப் போடுறவனுக்கு இதுல என்ன சோலின்னு நினைப்பீங்க. சோலி இருக்கு. இந்தப் பக்கத்தைப் படிக்கிற பட்டணத்து ஆட்கள் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு: "அண்ணே, நெல்லு வயல்தான் மீத்தேனைக் கக்குதாமே, தண்ணியை நிறுத்தி வைக்காம, காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுனா குறையுமாமே, அதை ஏன் நீங்க யாரும் செய்ய மாட்டேங்கறீங்க?" நல்ல கேள்விதான். ஆனா கேக்குறவங்க யாரும் எங்க வாய்க்காலைப் பாத்ததில்லை. அதான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல உலகத்தோட மார்க் ஷீட்டைப் பாத்துருவோம். 2024-ம் வருசம்தான் இதுவரைக்கும் பதிவானதுலயே ரொம்பச் சூடான வருசம்னு உலக வானிலை அமைப்பு சொல்லிருச்சு. தொழிற்சாலைகள் பெருகுறதுக்கு முந்தின காலத்தை விட சுமார் 1.55 டிகிரி கூட. ஒரு வருசம் தாண்டுனதை வச்சு 1.5 கோட்டை விட்டாச்சுன்னு சொல்லக் கூடாது, பல வருசச் சராசரியைத்தான் பாக்கணும்னு அவங்களே சொல்றாங்க. சரி. 2023-ல துபாய் மாநாட்டுல முதல் தடவையா மொத்தக் கணக்கும் எடுத்துப் பாத்தாங்க. 1.5-ல நிக்கணும்னா 2019-ல இருந்த அளவை விட 2030-க்குள்ள 43 சதவீதம் புகை குறையணும்னு எழுதி வச்சாங்க. குறையவே இல்லை, ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2025-ல போட்ட கணக்குப்படி, எல்லா நாடும் சொன்ன வாக்கை அப்படியே காப்பாத்துனாக் கூட இந்த நூற்றாண்டுக் கடைசில 2.3-லருந்து 2.5 டிகிரி வரைக்கும் சூடு ஏறும். இப்ப இருக்கிற கொள்கைப்படியே போனா 2.8.

ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னா அதுவும் பொய். பாரிஸுக்கு முன்னாடி 4 டிகிரியை நோக்கிப் போய்க்கிட்டிருந்த வண்டி, வேகம் குறைஞ்சிருக்கு. நம்ம நாடு 2030-க்குள்ள மின் உற்பத்தித் திறன்ல பாதியை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இல்லாத வழியில கொண்டு வர்றதாச் சொல்லிருந்துச்சு. 2025-லயே அந்தப் பாதியைத் தொட்டாச்சு. சந்தோசம். ஆனா திறன் வேற, ஓடுற கரண்ட் வேற. கிணத்து மேட்டுல 5 குதிரைத்திறன் மோட்டார் இருக்குன்னா 5 குதிரைத்திறனுக்குத் தண்ணி வருதுன்னு அர்த்தமா? ராத்திரி சூரியத் தகடு தூங்கும். இன்னைக்கும் நம்ம வீட்டு ஃபேன் சுத்துற கரண்ட்ல பெரும்பங்கு நிலக்கரிதான். அமெரிக்காக்காரங்க கதையைச் சொல்லவே வேண்டாம், பாரிஸ் ஒப்பந்தத்துலருந்து ரெண்டாவது தடவை வெளிய போயிட்டாங்க.

இனி நம்ம பக்கம். உலகத்துப் புகைல பாதிக்கு மேல ஆசியாவுலருந்து போகுது, சீனா மட்டும் மூணுல ஒரு பங்கு கிட்ட. உலகத்துல பாதிக்கு மேல சனமும் இங்கதான் இருக்கு. அந்தச் சனத்தோட சோறு நெல்லு. உலகத்துல விளையுற நெல்லுல பத்துல ஒம்போது பங்கு ஆசியாவுலதான் விளையுது. அந்த ஆசியா உலகச் சராசரியை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகத்துல சூடாகுதுன்னு உலக வானிலை அமைப்போட ஆசிய அறிக்கை சொல்லுது.

சூடுன்னதும் எல்லாரும் பகல் வெயிலை நினைக்கிறாங்க. நெல்லுக்கு ஆபத்து ராத்திரி வெக்கை. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல பல வருசம் எடுத்த கணக்கை 2004-ல வெளியிட்டாங்க. கோடைப் போகத்துல ராத்திரி வெப்பம் 1 டிகிரி ஏறினா மகசூல் சுமார் 10 சதவீதம் விழுகுதாம். பகல்ல பயிரு சமைச்ச சாப்பாட்டை ராத்திரி வெக்கைல அதுவே மூச்சு விட்டுத் தின்னு தீத்துருது. நாங்க போடுறது மழைக்காலப் போகம், அதனால அந்தக் கணக்கு எங்களுக்கு அப்படியே ஒட்டாது. ஆனா எங்க அப்பா காலத்துல ஐப்பசி மாசம் திண்ணைல படுக்கப் போர்வை வேணும். இப்ப கார்த்திகைலயும் ஃபேன் போடுறோம். கதிர்ல பால் பிடிக்கிற நேரத்துல இந்தப் புழுக்கம் இருந்தா, அறுத்துத் தூத்துறப்போ சாவி எம்புட்டுன்னு களத்துல தெரிஞ்சுரும்.

அப்ப நெல்லுக்காரன் அடி வாங்குறவனா, அடிக்கிறவனா? ரெண்டும்தான். இதை எங்க ஆளுக ஒத்துக்க மாட்டாங்க, ஆனா உண்மை. தண்ணி நிக்கிற வயல்ல சேத்துக்குள்ள காத்து போகாது. காத்து இல்லாத இடத்துல தாளும் தழையும் மக்கும்போது ஒரு வகைக் கிருமி மீத்தேனை உண்டாக்குது. நாத்து நட்டு ஒரு மாசம் கழிச்சு வயல்ல இறங்கி நடந்தீங்கன்னா காலடில மொளுக் மொளுக்னு குமிழி வரும் பாருங்க, அதுல இருக்கு. மனுசன் செய்யுற காரியத்தால வர்ற மீத்தேன்ல நெல்லு வயலோட பங்கு சுமார் 8 சதவீதம். ஆடு மாடு வழியா வர்றது அதைவிட நாலு மடங்கு, எண்ணெய், எரிவாயு, நிலக்கரி வழியா வர்றது அதுக்கும் மேல. 20 வருசக் கணக்குல பாத்தா மீத்தேன் கரியமில வாயுவை விட 80 மடங்கு சூடேத்தும். ஆனா பத்துப் பன்னெண்டு வருசத்துல கரைஞ்சும் போயிரும். அதனால இதைக் குறைச்சா பலன் சீக்கிரம் தெரியும்.

2021-ல கிளாஸ்கோ மாநாட்டுல மீத்தேனை 2030-க்குள்ள 30 சதவீதம் குறைக்கிறதா பல நாடுகள் உறுதி சொன்னுச்சு. இந்தியா சேரலை, சீனாவும் சேரலை. சின்ன விவசாயிகளோட பிழைப்பு, மாடு வச்சிருக்கவங்க பிழைப்பு இதுல இருக்குன்னு நம்ம அரசாங்கம் காரணம் சொன்னுச்சு. எங்களை முன்ன வச்சுச் சொன்ன காரணம்ங்கிறதால நான் கை தட்டணும். தட்ட மாட்டேன். கையெழுத்துப் போடலைன்னா எங்க வாய்க்காலைச் சரி பண்ண வேண்டிய அவசியமும் இல்லாமப் போச்சே, அதுக்கு என்ன சொல்றது?

இப்ப மருந்துக்கு வர்றேன். காய்ச்சலும் பாய்ச்சலும். பேரே எம்புட்டு அழகா இருக்கு பாருங்க. நம்ம வேளாண்மைத் துறை ஒற்றை நாற்று நடவைச் சொல்லிக் குடுத்த காலத்துலருந்து, திருந்திய நெல் சாகுபடின்னு, இதைச் சொல்லிக்கிட்டு வருது. ஒரு சாண், ஒண்ணரைச் சாண் நீளத்துல பிளாஸ்டிக் குழாயை எடுத்து, சுத்தி ஓட்டை போட்டு வயல்ல புதைச்சு வைக்கணும். மேல தண்ணி வத்துனதும் பதறிப் பாய்ச்சக் கூடாது. குழாய்க்குள்ள எட்டிப் பாத்து, மண்மட்டத்துக்குக் கீழ 15 சென்டிமீட்டர் வரைக்கும் தண்ணி இறங்குன பிறகு பாய்ச்சுனாப் போதும். பூக்குற நேரத்துல மட்டும் தண்ணி நிக்கணும். இப்படிச் செஞ்சா தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம், மீத்தேன் பாதி அளவுக்குக் குறையும், மகசூல் விழாது. யூரியாவை அள்ளிக் கொட்டுனா வேற ஒரு வாயு, நைட்ரஸ் ஆக்சைடு, கூடும்னு சொல்றாங்க, அதையும் சேத்துப் பாக்கணும். மத்தபடி இந்த மருந்து வேலை செய்யும். நான் இதை எதிர்க்கலை.

அப்புறம் ஏன் செய்யலை? இதுக்குப் பதில் சொல்ல உங்களைப் பெரியார் கால்வாயோரம் கூட்டிட்டுப் போகணும்.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல வேலைக்கு வந்துச்சு. பென்னிகுயிக் துரை பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மேற்க ஓடி அரபிக்கடல்ல விழுகிற தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பி விட்டாங்க. அது வைகைல சேந்து, வைகை அணைல தங்கி, பேரணைல பிரிஞ்சு பெரியார் பிரதானக் கால்வாயா வருது. பேரணைலருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர், அவங்களுக்கு ரெண்டு போகம். கள்ளந்திரி தாண்டினா நாங்க, ஒருபோகம். மேலூர்ப் பகுதியில 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாய்ல 19,439 ஏக்கர், ஆக 1,05,002 ஏக்கர். இந்த எண்ணுக எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், ஏன்னா ஒவ்வொரு வருசமும் அரசு உத்தரவுல இதான் வரும். ஒருபோகத்துக்கு வழக்கமா செப்டம்பர் நடுவுல தண்ணி திறக்கணும். 120 நாள். முதல் 45 நாள் முழுசா வரும். அடுத்த 75 நாள் முறை வச்சு வரும். அதாவது சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு.

அந்தச் 'செப்டம்பர் நடு' வருசா வருசம் வந்துறாது. வைகை அணை மொத்தம் 71 அடி. அணைல இருப்புப் பத்தலைன்னா திறப்பு தள்ளிப் போகும். ஒரு மாசம் தள்ளிப் போனா கதிர் வர்றப்போ தண்ணி இல்லை, அறுவடைல மழை. அதே அணைலருந்துதான் மதுரைப் பட்டணத்துக்கும் குடிதண்ணி போகுது. அதுக்குத்தான் முதல் உரிமை, நாங்க அதுக்குச் சண்டைக்கு வரலை. லோயர் கேம்ப்லருந்து குழாய்லயே மதுரைக்குத் தண்ணி கொண்டு போற திட்டமும் போட்டிருக்காங்க. நீங்க குழாயைத் திறக்கிறப்போ அந்தத் தண்ணிக்கு இன்னொரு பங்காளியும் இருக்கான்னு நினைச்சுக்கங்க, போதும்.

இப்ப எங்க ஆளு ஒருத்தன் மனசுக்குள்ள போடுற கணக்கைப் பாருங்க. முறைல தண்ணி வந்துருச்சு. வேளாண் அதிகாரி சொல்றாரு, வயல்ல ரெண்டு விரக்கடைக்கு மேல கட்டாத, வத்த விடுன்னு. ஆனா அடுத்த முறை என்னைக்கு? பத்து நாள்ல வரும்னு போர்டுல இருக்கு. நடுவுல எங்கயாவது கரை உடைஞ்சா, மேல இருக்கிறவன் ஷட்டரை ராத்திரியோட ராத்திரியாத் தூக்கிட்டா, அணைல தண்ணி குறைஞ்சு அடைச்சுட்டா, பதினெட்டு நாளாகும். நம்ம களிமண்ணு மயிரிழை அளவு வெடிச்சா பரவால்ல, வேருக்குக் காத்துப் போகும். விரல் நுழையிற அளவு பாளம் பாளமா வெடிச்சுட்டா, அப்புறம் எம்புட்டுத் தண்ணி விட்டாலும் வெடிப்புக்குள்ளதான் இறங்கும். வேரும் அறுந்துரும். அதனால அவன் என்ன செய்யுறான்? வந்த தண்ணியை வரப்பு முட்டக் கட்டி வச்சுக்கிறான். பட்டணத்துல பஞ்சம்னு வதந்தி வந்தா மளிகைக் கடைல அரிசியை மூட்டை மூட்டையா வாங்கி அடுக்குவீங்களே, அதே வேலைதான். தண்ணியைக் கட்டுறதுக்குக் காரணம் பேராசையும் இல்லை, அறியாமையும் இல்லை. அடுத்தது வரும்ங்கிற நம்பிக்கை இல்லை.

எங்க ஊர் மடைக்காரர், எனக்குச் சித்தப்பு முறை, 70 வயசு தாண்டுனவர். குழாய் புதைக்கிற விசயத்தை அவர்கிட்டச் சொன்னேன். "ஏப்பா, குழாய்க்குள்ள தண்ணி எறங்கிருச்சு, இப்பப் பாய்ச்சணும்னு சொல்லும். பாய்ச்ச எங்கிட்டுப் போவ? அந்தக் குழாயவா போயி ஷட்டரத் தூக்கச் சொல்லுவ?" அப்படின்னார். எனக்கு மறுபேச்சு இல்லை.

இன்னொரு சங்கதி பட்டணத்துக்காரங்களுக்குத் தெரியாது. எங்க பகுதியில வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிறைஞ்சு, வரப்பு மடை வழியா என் வயலுக்கு வந்து, என் வயலுலருந்து கீழ இருக்கிற மச்சான் வயலுக்குப் போகும். நான் மட்டும் காயப் போடணும்னா முடியாது. மச்சானுக்குத் தண்ணி என் நெஞ்சு மேலதான் போகணும். அப்புறம் களை. தண்ணி நின்னாக் களை அமுங்கும். காய விட்டாக் களை கிளம்பும். களை எடுக்க ஆள் கிடைக்கலை, கிடைச்சாக் கூலி கட்டுபடி ஆகலை. நூறு நாள் வேலையைக் குறை சொல்றவங்க இருக்காங்க, நான் அந்தக் கட்சி இல்லை, அது வேற பேச்சு.

கிணறும் போரும் உள்ளவங்க காயப் போடலாம், ஏன்னா சுவிட்சு அவங்க கைல. ஆனா இலவச மின்சாரம் இருக்கிறப்போ தண்ணியை மிச்சம் பண்ணனும்னு அவங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. இதையும் சொல்லாம விட்டா நான் எங்க ஆளுகளுக்கு மட்டும் வக்காலத்து வாங்குன மாதிரி ஆகிரும். முடிஞ்சவனுக்குத் தேவை இல்லை, தேவை உள்ளவனுக்கு முடியலை.

அதனால என் கருத்து இதான். ஆசியாவுல நெல்லு வயலோட மீத்தேனைக் குறைக்கணும்னா முதல் வேலை வயல்ல இல்லை, வாய்க்கால்ல. கிளை வாய்க்கால் ஷட்டர் இறங்கி ஏறணும். முறை வைக்கிற தேதியை முன்கூட்டியே சொல்லி, சொன்ன தேதிக்குத் தண்ணி கடைமடைக்கு வரணும். நடுவுல முறை தவறினா கைகொடுக்கக் கம்மாய்ல தண்ணி இருக்கணும். இம்புட்டும் இருந்தா மீத்தேனைப் பத்தி யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. தண்ணி உறுதின்னா எவனும் சேத்துல தண்ணியைக் கட்டி வச்சு ஆனைக்கொம்பன் ஈயை வளக்க மாட்டான். உலக மாநாட்டுல சூட்டைக் குறைக்கிறது ஒரு பெட்டி, சூட்டைத் தாங்குறது இன்னொரு பெட்டின்னு ரெண்டு காசுப் பெட்டி வச்சிருக்காங்க. எங்க வயல்ல அது ரெண்டும் ஒரே மடைதான்.

அந்த ரெண்டாவது பெட்டில காசு எம்புட்டுன்னு பாருங்க. ஐ.நா. அமைப்போட 2025 அறிக்கைப்படி, வளர்ற நாடுகள் சூட்டைத் தாங்கித் தகவமைச்சுக்க 2035 வாக்குல வருசத்துக்கு 31,000 கோடி டாலருக்குக் குறையாம வேணும். 2023-ல பணக்கார நாடுகள் அரசாங்கப் பணமாக் குடுத்தது 2,600 கோடி டாலர். அதுவும் முந்தின வருசத்தை விடக் குறைவு. 12 ரூவா வேண்டிய இடத்துல ஒரு ரூவா. பெலெம்ல இதை 2035-க்குள்ள மூணு மடங்காக்க முயற்சி செய்யணும்னு எழுதிருக்காங்க. மூணு மடங்குன்னா மூணு ரூவா. அதுக்கு முந்தி 2024-ல பாகு மாநாட்டுல எல்லாத்துக்கும் சேத்து வருசத்துக்கு 30,000 கோடி டாலர்னு முடிவு பண்ணுனப்போ, இது பத்தாதுன்னு இந்தியா சபைலயே எந்திரிச்சு மறுத்துச்சு. அந்த இடத்துல நம்மாளுக பேசுனது சரி.

இன்னொரு கூத்து, கார்பன் கிரெடிட். நீ வயலைக் காயப் போடு, குறைஞ்ச மீத்தேனுக்குச் சீட்டுக் குடுக்கிறோம், அந்தச் சீட்டை வெளிநாட்டுக் கம்பெனி வாங்கி அவன் புகைக்கு ஈடு கட்டிக்குவான். கேக்க நல்லா இருக்கு. 2024 ஆகஸ்ட்ல இந்தச் சீட்டுகளுக்கு முத்திரை குத்துற வெர்ரா அமைப்பே சீனாவுல நடந்த 37 நெல்வயல் திட்டங்களை மறுஆய்வு பண்ணி நிராகரிச்சுருச்சு. சீட்டு வித்த கணக்குக்கு வயல்ல வேலை இருந்தாத்தானே. எங்ககிட்டயும் இந்த மாதிரி ஃபாரத்தைத் தூக்கிக்கிட்டு ஆள் வரும். வந்தா நான் கேக்கிற முதல் கேள்வி, "தம்பி, எங்க கிளை வாய்க்கால் ஷட்டரைப் பாத்துட்டு வந்தியா?" வியட்நாம்ல வேற மாதிரி. மீகாங் சமவெளியில 10 லட்சம் ஹெக்டேருக்குக் குறைஞ்ச புகையில நல்ல நெல்லுன்னு அரசாங்கமே 2023 நவம்பர்ல திட்டம் போட்டு, 2030-க்குள்ள முடிக்கணும்னு வேலை பாக்குது. அவங்க திட்டம் ஜெயிக்குமான்னு பொறுத்துப் பாக்கணும். ஆனா ஒரு சமவெளியை மொத்தமா எடுத்துக்கிறாங்க பாருங்க, அந்த வழி எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு ஆளு ஒரு வயலைக் காயப் போட முடியாதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

கம்மாயைப் பத்திச் சொன்னேன்ல, அதுல எங்களுக்கு ஒரு பழைய காயமும் ஒரு புதுக் காயமும் இருக்கு. பழையது கிரானைட். கீழவளவு, கீழையூர், திருவாதவூர்ப் பக்கம் போனீங்கன்னா மலை இருந்த இடத்துல பள்ளம் இருக்கும். உயர் நீதிமன்றம் 2014-ல சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை விசாரிக்க அனுப்பி, 2015-ல அவர் அறிக்கை குடுத்தார். அது ஊரறிஞ்ச கதை.

புதுசு டங்ஸ்டன். இதுக்கும் பருவநிலை இலக்குக்கும் என்ன சம்பந்தம்னா, சம்பந்தம் இருக்கு. சூரியத் தகடு, பேட்டரி, மின்சார வண்டி, ராணுவத் தளவாடம் இதுக்கெல்லாம் முக்கியம்னு 30 கனிமங்களை 2023-ல மத்திய அரசு பட்டியல் போட்டுச்சு. டங்ஸ்டனும் அதுல ஒண்ணு. அந்தப் பட்டியல் வழியா ஏலம் வந்து, நாயக்கர்பட்டி பிளாக்னு பேரு வச்சு, அரிட்டாபட்டியைச் சுத்தி சுமார் 5,000 ஏக்கருக்கு 2024 நவம்பர்ல ஒரு கம்பெனிக்கு முடிவாயிருச்சுன்னு செய்தி வந்துச்சு. அரிட்டாபட்டி எதுன்னு தெரியாதவங்களுக்கு: தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2022-ல அரசு அறிவிச்சது, மீனாட்சிபுரத்தையும் சேத்து 193 ஹெக்டேர். ஏழு மலைக்குன்று. தமிழி எழுத்து இருக்கிற சமணர் குகை. 200 ஊத்துக்கு மேல, 70-க்கு மேல ஏரி குளம் கம்மாய். மலைல பெய்யுற மழை அந்த ஊத்து வழியாத்தான் கம்மாய்க்கு இறங்குது. பூமியைக் காப்பாத்தப் போறோம்னு சொல்லி, ஒரு வாய்க்கால் தண்ணியும் பாக்காம ஊத்துத் தண்ணில நெல்லு விளைவிக்கிற ஊரைத் தோண்டப் பாத்தாங்க.

சனம் விடலை. கிராம சபைல தீர்மானம் போட்டாங்க. சட்டமன்றத்துலயும் டிசம்பர்ல தீர்மானம் வந்துச்சு. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டிலருந்து மதுரை தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் ஆம்பளை பொம்பளை அம்புட்டுப் பேரும் நடந்து போனாங்க. அன்னைக்கு மேலூர்ல கடை எல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு. ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்தப் போராட்டத்துல யாரும் பருவநிலை இலக்குன்னு ஒரு வார்த்தை பேசலை. ஊத்து, கம்மாய், மலை, சாமி, இதான் பேச்சு. ஆனா அந்த 5,000 ஏக்கர்ல மழைத்தண்ணி இறங்குற இடத்தைக் காப்பாத்துனது எந்த மாநாட்டுத் தீர்மானத்துக்கும் குறைஞ்சதில்லைன்னு நான் நினைக்கிறேன். எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் அது ஏறாது, அதான் சங்கடம்.

ஏறுமான்னு பாக்க இப்ப ஒரு வழி வந்திருக்கு. பெலெம்ல, நாடுகள் சூட்டைத் தாங்கத் தயாராகுதான்னு அளக்க 59 அளவுகோல் வச்சு ஒத்துக்கிட்டாங்க. நிபுணருங்க 100 எழுதிக் குடுத்திருந்தாங்க, அதை வெட்டி மாத்தி 59 ஆக்கிட்டாங்கன்னு அவங்களுக்குக் கோபம். எந்த நாடும் கட்டாயமாச் செய்யணும்ங்கிறதும் இல்லை. இருந்தாலும் தண்ணி, உணவு, விவசாயம்னு அதுல தலைப்பு இருக்கு. இதுவரைக்கும் ஆசியாவைப் பத்தின பேச்சு பூராம் எத்தனை மெகாவாட், எத்தனை டன் புகைன்னே போச்சு. இனிமேலாவது, கடைமடைக்குச் சொன்ன தேதிக்குத் தண்ணி போச்சா, கம்மாய் எத்தனை மாசம் தண்ணி வச்சிருந்துச்சு, பருவம் தப்பி மழை பெஞ்ச வருசம் ஈர நெல்லை எடுத்தாங்களா திருப்பி அனுப்புனாங்களான்னு யாராவது எண்ணட்டும். கடைசியாச் சொன்னது சின்ன விசயம் இல்லை. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு விதி. தை மாசம் மழை பெய்யாதுங்கிற காலத்துல போட்ட விதி அது. 2021 ஜனவரில பெஞ்ச மழை ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் மழை பெஞ்ச பிறகு தளர்த்தச் சொல்லிக் கெஞ்சி, டெல்லிலருந்து குழு வந்து பாத்து, உத்தரவு வர்றதுக்குள்ள நெல்லு முளை விட்டுரும். வானம் மாறிருச்சுன்னு பாரிஸ்ல ஒத்துக்கிட்ட அரசாங்கம், நெல்லுக் குவியல் கிட்ட வந்து ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?

வர்ற மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை கூடும். எங்க கிளை வாய்க்கால்ல எத்தனை ஷட்டர், எத்தனை வேலை செய்யுது, கம்மாய் மடை எத்தனை, எது அடைபட்டுக் கிடக்குன்னு நானும் சித்தப்பும் நடந்து போய் எண்ணி எழுதிக்கிட்டிருக்கோம். பாதி தூரம் முடிஞ்சுச்சு, மீதிக்குச் சீமைக்கருவேலம் வெட்டிட்டுத்தான் போகணும். எழுதி முடிச்சதும் தீர்மானத்தோட சேத்துக் குடுப்போம், இங்கயும் போடுறேன். படிக்கிறவங்கள்ல பொதுப்பணித்துறைல, நீர்வளத்துறைல வேலை பாத்து ஓய்வு பெற்றவங்க யாராவது இருந்தா, ஒரு கிளை வாய்க்கால் ஷட்டரைச் சரி பண்ண மதிப்பீடு எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுங்க. அந்தக் காகிதம் இல்லாமப் போனா ஆபீஸ்ல உக்காரக் கூடச் சொல்ல மாட்டாங்க.